கொடிமலை ஏறும் கால்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலுக்குப் போனால், பாதி ஜோர்ஜ்டவுன் அங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றும். மெதுவோட்டக்காரர்கள், கைத்தடியோடு வரும் சீனப் பாட்டிமார்கள், தலைவிளக்கை அப்போதுதான் அணைக்கும் மலை ஓட்டப் பந்தய இளைஞர்கள், காடியை நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நம் குடும்பங்கள் என எல்லாரையும் பார்க்கலாம். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பூங்கா இது. இதன் வாசல் அருகிலிருந்துதான் கொடிமலைக்கு ஜீப் சாலை கிளம்புகிறது. உச்சிவரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். ஆனால், சமதளம் என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் எதுவும் இல்லை.

1923இல் இழுவை ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், வசதி படைத்தவர்கள் இந்த மலைக்கு டோலியில் போனார்கள். சுமந்தவர்கள் நடந்து ஏறினார்கள். இன்று ரயிலில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். அப்படியிருந்தும் ஒரு கூட்டம் வாராவாரம் நடந்தே ஏறுகிறது. பல ஆண்டுகளாக நானும் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. வார நாள்களில் விடியற்காலையே வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசும் எனக்கு, வாயை மூடிக்கொண்டு காலை மட்டும் வேலை செய்யவிடும் ஒரே நாள் ஞாயிறுதான்.

காலணி வாங்குவதில் எல்லாரும் கவனமாக இருக்கிறோம். முந்நூறு, நானூறு வெள்ளி கொடுக்கவும் தயங்குவதில்லை. காலுறை என்று வந்தால் மட்டும் இழுப்பறையில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுதான். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், போன ஆண்டு ஒரு ஞாயிறு வரைக்கும்.

அன்று 84ஆம் நிறுத்தத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மலையேறிகளுக்காகத் தன்னார்வலர்கள் போட்டு வைக்கும் தேநீர் அது. அதன் ருசி ஜோர்ஜ்டவுனில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அப்பா வழக்கம்போல் கதை பேசினார், வழக்கம்போல் இறங்கினார். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். வேலைக்குப் போன காலத்தில் போட்ட பழைய கறுப்புக் காலுறையின் குதிகால் பகுதி தேய்ந்து ஓட்டையாகி இருந்தது. அந்த இடத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. கறுப்புத் துணியில் எதுவும் தெரியவில்லை.

“ஏம்ப்பா, வலிக்கலையா?”

“ஒண்ணுமே தெரியலைம்மா.”

அந்தப் பதில்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. அப்பாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாக இனிப்புநீர். நீரிழிவு நாளடைவில் பாத நரம்புகளை மந்தமாக்கிவிடும். ரத்த ஓட்டமும் குறையும். வலி தெரியாததால் புண் கவனிக்கப்படாமல் போகும். ரத்த ஓட்டம் குறைவதால் அது ஆறவும் நாளாகும். விரலையோ பாதத்தையோ இழக்கும் பல கதைகள் இதுபோன்ற ஒரு சின்னப் புண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. இந்நாட்டுச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் அதிகமாகக் காணப்படுவது இந்தியர்களிடம்தான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் புண் ஆற ஆறு வாரம் ஆனது. மலை ஏறாத அந்த ஆறு ஞாயிறுகளில் நான் காலுறையைப் பற்றிப் படித்தேன். என் சொந்த இழுப்பறையையும் கிளறினேன்.

கொப்புளம் வருவது வெறும் உரசலால் மட்டுமல்ல. தோலின் மேல் அடுக்கு ஒரு பக்கமும் உள் அடுக்கு மறு பக்கமும் திரும்பத் திரும்ப இழுபடுவதால் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. தோல் ஈரமாக இருந்தால் உராய்வு கூடும். பினாங்கின் புழுக்கத்தில், ஜீப் சாலையின் முதல் கிலோமீட்டரிலேயே பாதம் நனைந்துவிடும். ஏறும்போது அடி வாங்குவது குதிகால். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனிகள் அடி வாங்கும். காலுறை முதலில் தேயும் இடங்களும் இவைதான்: குதிகால், முன்பாதம், பெருவிரல்.

பருத்தி நம் ஊர் வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் மலையில் அது வேர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் சீக்கிரம் காயும், தேய்மானத்தையும் தாங்கும், ஆனால் நாற்றம் தங்கும். மெரினோ ஆட்டு ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கினாலும் நனைந்த உணர்வு அதிகம் தராது, நாற்றமும் குறைவு. தனி மெரினோ சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் நைலானையும், இழுவைக்காக எலாஸ்டேனையும் கலந்து பின்னுகிறார்கள். கம்பளி என்றதும் கேமரன் மலைக் குளிர்தான் நினைவுக்கு வரும். மெல்லிய வகை நம் வெப்பத்துக்கும் சரிப்படுகிறது.

என் கணக்கைச் சொல்கிறேன். இரவுச் சந்தையில் 12 வெள்ளிக்கு மூன்று ஜோடி வாங்கிய பருத்திக் காலுறை, ஜோடிக்குச் சுமார் 10 மலையேற்றம் தாங்கியது. ஒரு தடவைக்கு 40 சென். 35 வெள்ளிச் செயற்கை இழைக் காலுறை 70 தடவை வந்தது. அது 50 சென். 90 வெள்ளி கொடுத்து வாங்கிய மெரினோ கலவை 150 தடவைக்குப் பிறகுதான் ஓய்வு பெற்றது. அது 60 சென்.

‘விலை கூடினால் கடைசியில் லாபம்’ என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். என் கணக்கில் மலிவானதுதான் மலிவு. ஆனால் கொப்புளத்தின் விலை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆறு வார மருந்துக் கட்டையும் அப்பாவின் முகத்தையும் பார்த்த பிறகு, அந்த 20 சென் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நல்ல காலுறையும் நம் கையில் சீக்கிரம் கெடலாம். சுடுநீரும் துணி உலர்த்தும் இயந்திரமும் எலாஸ்டேனுக்கு எதிரி. துணி மென்மையாக்கும் திரவம் இழைமேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயப்போடுவது நல்லது. காலணிக்குள் தங்கும் மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அதைத் தட்டிவிட்டுப் போடுங்கள். காலணியின் குதிகால் உட்புறத் துணி கிழிந்திருந்தால் எந்தக் காலுறையும் தாங்காது. நகம் வெட்டாத பெருவிரலும் அப்படித்தான்.

ஓய்வு கொடுக்க வேண்டிய நேரத்தையும் எளிதில் கண்டுபிடிக்கலாம். காலுறைக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ரோமம் உதிர்ந்து நைலான் வலை மட்டும் தெரிந்தால், அது ஓட்டையாகக் காத்திருக்கிறது என்று பொருள். பாட்டி பழைய பல்பை உள்ளே வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழை ஓட்டி ஓட்டையை அடைப்பார். எனக்கு அது போதும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மட்டும் வேண்டாம். தைத்த இடத்தின் மேடே புதுப் புண்ணை உண்டாக்கிவிடும்.

அப்பாவுக்கு இப்போது வெள்ளை நிறக் காலுறைதான். சிறு ரத்தக்கறையும் உடனே தெரியும். விரல் பக்கம் தையல் உறுத்தாத, கணுக்காலில் இறுக்கிப் பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்கினோம். மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியே மீண்டும் மலைக்கு வந்தார். 84ஆம் நிறுத்தத்தில் தேநீருக்கு முன் காலணியைக் கழற்றி, நான் இரண்டு பாதங்களையும் பார்க்கிறேன். முதலில் கூச்சப்பட்டார். இப்போது அவரே காலை நீட்டிவிடுகிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய விவாதம் நடந்தது. தைப்பூசம். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளையும் அப்பா ஆண்டுதோறும் வெறுங்காலில் ஏறுவார். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “முருகனுக்கு முன்னாடி என்னம்மா உறை?” என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாதான் சொன்னார்: “கால் இருந்தாதானே அடுத்த வருஷமும் ஏற முடியும்?”

இந்த ஆண்டு, படியடிவரை காலணியோடு வந்தார். கல் சூடேறும் முன், விடியற்காலையிலேயே, துவைத்த தடித்த வெள்ளைக் காலுறையோடு மெதுவாக ஏறினார். கூட்டத்தில் யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பியதும் விளக்கைப் போட்டு இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த முறை கொடிமலைக்குக் குடும்பத்தோடு வரும்போது, தண்ணீர்ப் போத்தலோடு உங்கள் அப்பா, அம்மாவின் காலுறையையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 84ஆம் நிறுத்தத்தில் சந்தித்தால், சேர்ந்து தேநீர் குடிப்போம்.