சிதம்பரம் கொத்சும் ஒரு 30 வருடப் பொய்யும்!

சிதம்பரம் என்றதும் எல்லோருக்கும் நடராஜர் ஞாபகம் வரும். அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்... கூடவே கொத்சையும் சேர்த்துக்கொள்வார்கள்!

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1993-ல் பி.எஸ்ஸி அக்ரி படிக்க வந்த அந்தப் பெண்ணும் அப்படித்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

ரயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் கோயிலும் நான்கு வீதிகளும். மறுபக்கம் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரிதான் வளர்ந்து, 1929-ல் பல்கலைக்கழகமானது. 2013-ல் தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. அவர் படித்தபோது மீட்டர் கேஜ் ரயில்தான். இரவில் அந்தச் சத்தம் ஹாஸ்டல் வரை கேட்கும்.

ஹாஸ்டல் சாம்பார் எந்த ஊரிலும் ஒரே ருசிதான், அதை விட்டுவிடுவோம். அம்மா கொடுத்தனுப்பும் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பத்து நாளில் அறைத் தோழிகளின் புண்ணியத்தில் காலியாகிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அன்றைக்குத் தண்டவாளம் தாண்டி கீழ வீதிக்கு நடை. கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக இட்லி, கொத்சு.

சிதம்பரம் கொத்சில் பருப்பு கிடையாது. பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி மசிக்க வேண்டும். புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்து அரைத்த பொடியைத் தூவி இறக்கினால், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். கோயிலில் மிளகு, சீரகம், நெய் சேர்த்த சம்பா சாதத்துக்கு இதுதான் ஜோடி. அங்கே வெங்காயம் சேர்ப்பதில்லை. ஹோட்டல்காரர்கள் சேர்க்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது!

இந்த ருசியை இன்லேண்டு லெட்டரில் எழுதி அம்மாவுக்கு அனுப்பினார் மகள். பொங்கல் லீவுக்குப் போனபோது, தட்டில் இட்லியும் கொத்சும். துவரம்பருப்பு குழைய வேகவைத்து, தக்காளி போட்டு... அசல் கத்தரிக்காய் சாம்பார். அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "அதே மாதிரி இருக்காடி?" என்று கேட்டார். "அதே மாதிரிம்மா" என்றார் மகள். அதன்பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அதே கொத்சு, அதே பதில்.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். வளையல்களை மீட்டது மகளின் முதல் சம்பளத்தில். ஆனால் சிதம்பரம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

போன மாதம்தான் வாய்த்தது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கோயில், பிறகு ஆட்டோவில் அண்ணாமலை நகர். மரத்தடியில் புத்தகப் பையோடு நின்ற பெண் பிள்ளைகளையே அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி பயமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். முதல் ஒரு மாதம் தினமும் அழுததை மகள் அன்றைக்குத்தான் சொன்னார்.

மதியம் வீதிக்குத் திரும்பி ஒரு சின்ன ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். இட்லி தீர்ந்திருந்தது, தோசைக்கு கொத்சு வந்தது. ஒரு வாய் வைத்த அம்மா நிறுத்தினார். விரலால் கொத்சைத் தடவிப் பார்த்தார்.

"இதுல பருப்பே இல்லையேடி."

மகள் தட்டைப் பார்த்தார்.

"முப்பது வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ ஆசையா செஞ்சியேம்மா..."

அம்மா பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கொத்சு கேட்டு வாங்கினார். கை கழுவப் போனவர், சமையல்கட்டு வாசலில் நின்று, மல்லியை எண்ணெய் விட்டு வறுப்பீர்களா, வெறும் சட்டியிலா என்று மாஸ்டரிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு காய்கறி வண்டி. அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பிஞ்சாகப் பார்த்து ஒரு கிலோ கத்தரிக்காய் பொறுக்கினார்.

"நாளைக்குக் காலையில செய்றேன். இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லு!"