மானிப்பாயில் ஒரு மானி

முதுமை ஒருவரிடம் வரும்போது முதலில் எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. சிலரிடம் கண்ணைக் கேட்கும். சிலரிடம் முழங்காலைக் கேட்கும். என்னிடம் அது செவியைக் கேட்டது. சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டு வருகிறேன்.

வீட்டில் அழைப்பது கேளாதபோது எனக்குப் பெருங்கவலை உண்டாகவில்லை. அதிற் சில வசதிகளும் உண்டு என்பதை மணமானவர்கள் அறிவர். மருதடி விநாயகர் ஆலய மணியோசை மங்கியபோது மனம் சற்று நொந்தது. ஆனால், எனது மோட்டார் சைக்கிளின் ஓசை எனக்குக் கேட்கவில்லை என்பதை உணர்ந்த அன்றுதான் உண்மையிலேயே கலங்கினேன்.

அது ஹொண்டா சீ 70 என்னும் சிறிய வண்டி. 72 கன சென்ரிமீற்றர் இயந்திரம், மூன்று கியர், கையாற் பிடிக்கும் கிளச்சு இல்லை. 1958ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த சூப்பர் கப் என்னும் வண்டியின் வழித்தோன்றல் அது. அந்தக் குடும்பத்தில் 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி வண்டிகள் பிறந்துவிட்டனவாம். அவற்றுள் ஒன்றை என் அண்ணர் வாங்கி ஓடினார். பின்னர் எனக்குத் தந்தார். ஓடப் பழக்கியவரும் அவரே. “தம்பி, கியரைக் காலாலை மாத்தாதை; காதாலை மாத்து” என்பார். அதுதான் அவர் தந்த முழுப் பாடமும்.

அந்தப் பாடத்தின் அருமை 1990ஆம் ஆண்டின் பின்னரே விளங்கியது. யுத்தமும் பொருளாதாரத் தடையும் வந்தன. குடாநாட்டில் பெற்றோல் மருந்துபோல் ஆயிற்று. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் இத்தகைய இயந்திரத்துக்கு ஏற்ற உணவன்று. சற்று முறுக்கினால் உள்ளே ஆணியைத் தட்டுவதுபோல் ஓசை எழும். அண்ணர் அதை மற்றவர்களுக்கு முன்னரே கேட்டுவிடுவார். உடனே கையைத் தளர்த்துவார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, மூட்டைகளைக் கட்டி அவ்வண்டியைச் சனத்திரளுக்குள் நாவற்குழிப் பாலம் வழியே தள்ளிச் சென்றோம். அடுத்த ஆண்டு அதனுடனேயே திரும்பினோம். இன்று அண்ணர் இல்லை, வண்டி இருக்கிறது.

ஒருநாள் மாலை என் மகள் முகம் சிவந்து நின்றாள். நான் சண்டிலிப்பாய் வரை இரண்டாம் கியரிலேயே போய் வந்தேனாம். இயந்திரம் அலறியதை வீதியில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஓடியவன் மட்டும் கேட்கவில்லை. “அப்பா, நீங்கள் இனி இதை ஓடவேண்டாம், வித்துப்போடுவம்” என்றாள். நான் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

உபாயம் சொன்னவன் பேரன். அவன் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு மாணவன். “அம்மப்பா, சத்தம் கேக்காட்டில் என்ன? எண்ணாப் பாக்கலாம். ரக்கோமீற்றர் பூட்டுவம்” என்றான்.

ரக்கோமீற்றர் என்பது இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டுவது. சுழற்சிமானி என்று தமிழிற் சொல்லலாம். 1842ஆம் ஆண்டிலேயே அகராதி அச்சிட்ட ஊர் எங்கள் மானிப்பாய். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததும் இங்கேதான். ஆகவே, சொல்லைத் தேடாமற் பொருளை வாங்கினால் ஊருக்கு அழகன்று. மானிப்பாயிலே ஒரு மானி, பொருத்தமாகத்தான் இருந்தது.

பழைய முறை மானியில், இயந்திரத்திலிருந்து வரும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தை அச்சுழற்சி தொடாமலே இழுக்கும். மயிரிழை போன்ற சுருள்வில் அதனைத் தடுக்கும். இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். ஆனால், அக்கம்பியை மாட்டுவதற்கு எங்கள் வண்டியின் இயந்திரத்தில் இடமே இல்லை. புதிய மின்மானிகளோ 12 வோல்ற்றுக்கு உரியவை. எங்களுடையது 6 வோல்ற்று. எஞ்சியது, மரம் வெட்டும் வாள் இயந்திரங்களுக்குப் பூட்டும் சிறிய மானி. பற்றரி அதற்குள்ளேயே உண்டு. அதன் கம்பியைத் தீப்பொறிக் கட்டைக்குச் செல்லும் தடித்த கம்பியின்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றி, மற்றக் கம்பியை இயந்திர உடலில் இணைத்தால் போதும். ஒவ்வொரு பொறியின்போதும் எழும் மின்னதிர்வை அது எண்ணும். ஒரு சனிக்கிழமை வேம்பின் கீழே அரைமணி நேரத்தில் பூட்டி முடித்தோம்.

இனித்தான் என் பெருமைக்கு அடி விழுந்தது. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறியா, ஒரு சுற்றுக்கு ஒரு பொறியா என்று அந்த மானி நம்மிடம் கேட்கும். முப்பது ஆண்டு பௌதிகம் படிப்பித்தவன் நான். நாலடிப்பு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிபொருள் எரியும், இது பாடநூல். சிந்தியாமல் அதனையே தெரிந்தேன். சும்மா நிற்கும்போது 3,120 என்று காட்டியது. 1,500 அளவில் நிற்கவேண்டிய இயந்திரம் இவ்வாறு ஓடலாமா என்று திருகாணியைத் தளர்த்தி 1,500க்கு இறக்கினேன். அதன்பின் சந்திக்குச் சந்தி வண்டி நின்றது. மானிப்பாய்ச் சந்தையடியில் மூன்றுமுறை உதைத்து இயக்கினேன். பழைய வண்டி நன்றி மறந்தது என்று அதன்மேற் பழியும் சொன்னேன்.

பேரன் பழி சொல்லவில்லை, அளந்து பார்த்தான். திருகாணியைப் பழையபடி வைத்து, புகைக்குழாய் அருகே கைத்தொலைபேசியைப் பிடித்து ஓசையைப் பதிந்தான். ஓசையின் அலைவடிவைத் திரையில் விரித்து, ஒரு செக்கனுக்குள் எத்தனை அடிப்பு என்று எண்ணினான். பதின்மூன்று. ஓர் அடிப்புக்கு இரண்டு சுற்று. ஆகவே செக்கனுக்கு 26, நிமிடத்துக்கு 1,560. மானி காட்டியதோ 3,120. “அம்மப்பா, இது சரியா இரண்டு மடங்கு காட்டுது” என்றான்.

காரணம் பிறகு விளங்கிற்று. இவ்வண்டியிற் பொறியை ஆளும் பகுதி, சுழல்தண்டோடு திரும்பும் பறப்புச் சில்லின் அடியில் இருக்கிறது. ஆதலால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி பிறக்கும். ஒன்று எரிபொருளைக் கொளுத்தும். மற்றது புகை வெளியேறும் வேளையிற் பிறந்து வீணே மடியும். எரிவதை மட்டும் நான் எண்ணினேன்; மானி இரண்டையும் எண்ணியது. பாடநூல் பிழையன்று; என் கண்முன் நின்ற வண்டியை நான் பார்க்கவில்லை என்பதே பிழை. மாணவர் எத்தனை பேருக்கு, “விடை எழுதுமுன் வினாவை வாசி” என்று சொல்லியிருப்பேன்!

அமைப்பைத் திருத்தினோம். பின்னர் அவன் பின்னால் அமர்ந்து என் செவியானான். இயந்திரம் திணறினால் தோளில் ஒரு தட்டு. அலறினால் இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நான் எண்ணைப் பார்த்து நினைவிற் பதித்தேன். மூன்றாம் கியரில் 3,000க்குக் கீழே திணறல். எந்தக் கியரிலும் 5,000 அளவில் மாற்றிவிட்டால் அலறல் இல்லை. மானியின் எண் ஒரு கணம் பிந்தியே மாறும், அதற்கும் பழகினேன். அண்ணர் காதால் அறிந்ததை நான் கண்ணால் அறிந்தேன். மகளும் விற்கும் பேச்சை விட்டாள்.

மூன்று மாதங்கள் மகிழ்ச்சியாகக் கழிந்தன. ஒருநாட் காலை காரைநகர் வீதியில் வந்துகொண்டிருந்தேன். மானி 4,100 காட்டியது. வண்டி சீராக ஓடியது. குழியொன்றைத் தவிர்க்கச் சற்று வலப்புறம் திரும்பினேன். அந்தக் கணத்தில் பேருந்து ஒன்று என் முழங்கையை உரசுவதுபோல் கடந்து போயிற்று. வீதியோரத்தில் நின்ற ஒருவர் ஓடிவந்து, அது நெடுநேரம் ஹோர்ண் அடித்துக்கொண்டே வந்ததாகக் கூறினார். நான் அதைக் கேட்கவே இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு மதகில் அமர்ந்தேன். கைகள் நடுங்கின. மானி இன்னும் 1,500 என்று சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதன்மேற் குற்றம் இல்லை. இயந்திரத்தின் குரலைத் தருவதாகவே அது ஒப்புக்கொண்டது, அதைத் தந்தும்விட்டது. வீதியின் குரலை அதனிடம் எதிர்பார்த்தவன் நான். என் செவி இழந்தவை இரண்டு. நான் விரும்பிய ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை சாவியைப் பேரனிடம் கொடுத்தேன். அவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்து ஒரு மாதமே ஆகியிருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. பேருந்துச் செய்தி எனக்கு முன்னரே வீட்டை அடைந்திருந்தது.

“மீற்றரைக் கழட்டவோ, அம்மப்பா? எனக்குத்தான் காது கேக்குதே” என்றான்.

“கழட்டாதை. ஒரு மாதத்துக்கு அதைத் துணியாலை மூடிப்போட்டு ஓடு. கியரைக் காதாலை மாத்து. பிறகு துணியை எடுத்துப் பார். நீ மாத்தின இடமும் அது சொல்லுற இடமும் ஒன்றோ எண்டு தெரியும்.”

இப்பொழுது நான் பின்னிருக்கையில் அமர்ந்து சந்தைக்குப் போகிறேன். ஓசை எனக்கு எட்டுவதில்லை. ஆனால், பாதந்தாங்கியின் வழியே இயந்திரத்தின் அதிர்வு காலுக்கு ஏறுகிறது. அவன் கியரை மாற்றும்போது அது தடங்கலின்றி மாறினால், அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறேன்.