தேயாத டயரும் வயதாகும்! புதுச்சேரி கார்களுக்கு எந்த டயர் சரி?

புதுச்சேரியில் ஒரு கார் வாங்கி, ஊர் எல்லையைத் தாண்டாமல் ஓட்டினால் அதன் டயர் எப்போது தேயும்? கிட்டத்தட்ட தேயவே தேயாது.

ஊர் அப்படி. புல்வாருக்குள் இருக்கும் பழைய நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்தே கடந்துவிடலாம். ரெட்டியார்பாளையத்தில் இருந்து கிளம்பி, நேரு வீதியில் துணி எடுத்து, பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் மீட்டரில் பத்து கிலோமீட்டர் ஏறினாலே பெரிது. கடற்கரைச் சாலையில் மாலையானால் காருக்கு அனுமதியே கிடையாது. காந்தி சிலைக்கு முன்னால் நடப்பவர்களுக்கே ராஜ்ஜியம். ஒரு காலத்தில் இங்கே துரைமார்கள் போன வண்டியே, பின்னால் ஒரு ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்தவர் திருப்பிக்கொண்டு போகும் 'புஸ்-புஸ்' வண்டி. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். அவ்வளவு சின்ன தூரங்களின் ஊர் இது.

ஆனால் அந்தத் தேயாத டயரில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு சாதாரண கார் டயர் நம் சாலைகளில் நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வரை உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் புதுச்சேரி வீட்டுக் கார், அந்தக் கணக்கை முடிக்க எட்டுப் பத்து வருடம் ஆகும். ரப்பர் அத்தனை வருடம் இளமையாக இருக்காது. வெயில், காற்றில் உள்ள ஓசோன், மே மாதம் தகிக்கும் தார்ச்சாலை... எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடும். ஓடாமல் வாசலில் நின்றாலும் இதே கதைதான். மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்லும் மேல்கட்டைகள் புதுசு போலவே தெரியும். கைவிரலால் அழுத்திப் பார்த்தால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் ஓடும்.

வருடம் முழுக்க நேரு வீதியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த அந்தக் கார், தீபாவளிக்கு என்ன செய்யும்? தாத்தா, பாட்டி, குழந்தைகள், பலகார டப்பாக்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குக் கிளம்பும். அதுவும் ஐப்பசி மழையில்! மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது சாலையில் கண்ணாடி போல ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். வேகமோ எண்பது, தொண்ணூறு. அந்த டயருக்கு வருடாந்திரப் பரீட்சை அன்றுதான்.

பாரீஸ் டயர் பாண்டிச்சேரிக்குச் சரியாகுமா?

புதுச்சேரியில் பல வீடுகளுக்கு ஒரு கால் பிரான்சில் இருக்கிறது. அங்கிருக்கும் மகன் போனில், "அப்பா, டயர் மாத்துறதா இருந்தா ஆல் சீசன் பாத்து போடுங்க" என்று சொன்னால் ஆச்சரியமில்லை. அவர் ஊரில் அது நியாயமான யோசனை. பிரான்சின் மலைப்பகுதிகள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலத்துக்கு ஏற்ற டயரோ, பனிச் சங்கிலியோ இருக்க வேண்டும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. மூன்று சிகரங்களும் நடுவில் ஒரு பனித்துளிப் பூவும் போட்ட முத்திரை உள்ள ஆல் சீசன் டயர்கள் அந்தச் சட்டத்துக்குப் போதும்.

அதே நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய நாள். அங்கே பனிக்குத் தயாராகும் தேதியில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்.

வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகும்போது சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடி இழக்கும். அதற்காகத்தான் மேலைநாட்டு ஆல் சீசன் டயர்களில் குளிரிலும் இளகி இருக்கும் ரப்பரும், பனியைக் கவ்வ மெல்லிய கீறல்களும் வைக்கிறார்கள். புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனிக்காகச் செய்த இளகிய ரப்பர் சித்திரை வெயிலில் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான் லாபம். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக விற்கும் கார் டயர்கள் எல்லாம் வெப்ப நாட்டுக்கான கலவைதான். இங்கே 'எல்லாப் பருவமும்' என்றால் இரண்டே இரண்டு: கொளுத்தும் வெயில், கொட்டும் மழை.

மழை என்றால் எப்படிப்பட்ட மழை? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்த ஊரை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீதிகளில் கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அந்த அளவுக்குத் தண்ணீர் நின்றால் எந்த டயரும் உதவாது, காரை எடுக்காமல் இருப்பதே புத்தி. டயரின் வேலை அதற்கு முன்னும் பின்னும் வரும் சாதாரண மழை நாட்களில்தான்.

காற்றுக் கணக்கு

1960-களில் அமெரிக்காவின் நாசா, விமானங்கள் ஈரமான ஓடுதளத்தில் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்தது. அதில் கிடைத்த கணக்கு சுவாரஸ்யமானது. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, சுமார் 16.7-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர். பல மாதமாகக் காற்றே அடிக்காமல் 25-க்கு இறங்கியிருந்தால் 83! கார் டயருக்கு இது தோராயக் கணக்குதான். பட்டன் தேய்ந்திருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். அந்த நொடியில் ஸ்டீயரிங் லேசாகிவிடும், பிரேக் கேட்காது.

பைசா செலவில்லாத விஷயம் காற்று. ஆனால் கடலோர ஊரில் அதிலும் ஒரு சங்கடம். உப்புக்காற்றில் ரிம் அரித்து, டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பு வழியாகக் காற்று மெல்லக் கசியும். பஞ்சர் கடையில் ஆணியைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போவது இதனால்தான். டயரைக் கழற்றி ரிம்மின் விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

"சார், இது அறுபதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும்" என்பதுதான் கடையில் கேட்கும் முதல் வசனம். டாக்ஸி ஓட்டுபவருக்கு அது நல்ல செய்தி. வருடத்துக்கு ஐயாயிரம் ஓட்டும் வீட்டுக்காருக்கு அதனால் என்ன பயன்? அந்த அறுபதாயிரத்தைத் தொடுமுன் ரப்பர் கிழமாகிவிடும். நீண்ட உழைப்புக்காகக் கெட்டியாகச் செய்த டயரில் ஈரப்பிடி சற்று குறைவாக இருப்பது வழக்கம். குறைவாக ஓட்டும் புதுச்சேரிக்காரர்கள் உழைப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மழையில் நன்றாகப் பிடிக்கும் டயரை வாங்குவதே மேல். 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அர்த்தம் அதுதான். ரேஸ் ஓட்ட இங்கே சாலை ஏது?

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88ஹெச் என்பது போல எழுதியிருக்கும். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அகலத்தில் 65 சதவிகிதம், ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. யாரும் 210-ல் போகப் போவதில்லை. ஆனால் வேகக் குறியீடு என்பது அடிப்படையில் சூட்டைத் தாங்கும் பரீட்சை. சித்திரை மதியத்தில் ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும் விழுப்புரம் சாலையில் போகும் காருக்கு அந்தத் தாங்குசக்தி தேவை. கார் கம்பெனி சொன்ன குறியீட்டுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

சில டயர்களில் டிராக்‌ஷன் என்று போட்டு ஏஏ, ஏ, பி, சி என எழுத்து இருக்கும். அது அமெரிக்க முறை. ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடிக்கும் திறனுக்கான மார்க். ஏ-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பக்கத்தில் இருக்கும் டிரெட்வேர் எண்ணை அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் ஒப்பிட முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டு டயர் என்று சொல்லி முத்திரை இல்லாமல் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நான்கு இலக்க எண். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 'புது டயர்' என்று கடையில் தருவது இரண்டு மூன்று வருடம் குடோனில் தூங்கியதாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஈரப்பிடி, உருளும்போது வரும் இழுவை, சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது 2022-ல்தான். அதற்கு முந்தைய ஸ்டாக் தள்ளுபடியில் கிடைத்தாலும் தேவையில்லை. பயன்பாட்டில் ஐந்து வருடம் ஆன டயரை வருடம் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனதை எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் கம்பெனிகளே சொல்லும் கணக்கு. சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம். மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நிம்மதி.

காருக்கு அழகு சேர்க்கப் பெரிய ரிம் போடும் ஆசை இளைஞர்களுக்கு உண்டு. 185/65 ஆர்15-க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கவாட்டு ரப்பர் 120 மில்லிமீட்டரில் இருந்து 107 ஆகக் குறையும். மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றும். பந்தயம் ரிம்மின் மேல்!

இரண்டு டயர் மட்டும் மாற்றினால், "புதுசை முன்னாடி போடுங்க" என்போம். தப்பு. முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நல்ல பட்டன் உள்ள ஜோடி பின்னால் இருக்க வேண்டும், முன்சக்கர இழுவை காராக இருந்தாலும்.

புதுச்சேரிக்கு மேற்கே நெட்டப்பாக்கம் கொம்யூனில், ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப்-ன் தொழிற்சாலை இருக்கிறது. டயர் செய்யும் ஊர்தான் இது. இருந்தும் இங்கே பலரும் டயரின் வயதைப் பார்ப்பதில்லை.

டிக்கியைத் திறந்து, பாயைத் தூக்கி, ஸ்டெப்னியில் அந்த நான்கு எண்களைப் படித்துப் பாருங்கள். கார் வாங்கிய வருடமே இருக்கும். ஒரு பட்டன்கூடத் தேய்ந்திருக்காது. காற்று எவ்வளவு என்பதை மட்டும் பங்க்கில் அளந்துகொள்ளுங்கள்.