பேட்டரி எங்கடா?

ரெசனன்ஸ் என்று தேர்வில் எழுதி மார்க் வாங்குகிறோம். அதைக் காதால் கேட்டதுண்டா? நான் கேட்டேன்.

இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் 26 கேஜ் எனாமல் கம்பி 80 சுற்று. அதற்கு இணையாக ஒரு கேங் கண்டன்சர். பிறகு ஜெர்மானியம் டயோடு ஒன்று, கிரிஸ்டல் இயர்போன் ஒன்று. வேப்பமரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஏரியல் கம்பி. எர்த்துக்கு அடிபம்புக் குழாய். அவ்வளவுதான்! சிலிக்கான் டயோடு இதற்கு உதவாது. அது கடத்தத் தொடங்க 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மானியத்துக்கு 0.2 வோல்ட்டே போதும்.

கண்டன்சரை மெல்லத் திருப்பினேன். 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி பேசியது!

அப்பா மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். "இதெல்லாம் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று அடிக்கடி கேட்பார். அன்று இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி எங்கடா?"

"இல்லப்பா. ஸ்டேஷன்லேருந்து வர்ற அலையிலேயே சக்தி இருக்கு. அதுவே போதும்."

வெகுநேரம் இயர்போனைத் தரவேயில்லை.

அடுத்த வாரம் பரீட்சைக் கட்டணம் கேட்டேன். எதுக்கு என்று கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்.

நண்பர்களே, லேபில் கற்றதில் ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் மார்க் ஷீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.