கைக்கு வந்த கயிறு

ஜெனிவாவில் மனித உரிமைக் கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு, ஊர் திரும்பும் முன் இரண்டு நாள் பாரிசில் தங்கினோம். எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். முதலில் மோன்மார்த்ர் குன்றுக்குப் போனோம். 1871 மார்ச் 18 அன்று பாரிஸ் கம்யூன் எழுச்சி தொடங்கிய இடம் அது. அடிவாரத்துப் பூங்காவுக்குக் கம்யூன் போராளி லூயீஸ் மிஷேலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தேவாலயப் படிக்கட்டருகே வண்ண நூல்களோடு நாலைந்து பேர் நின்றார்கள். "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று சிரித்தபடி ஒருவர் கை நீட்டினார். எங்கள் தோழர் மரியாதைக்குக் கை கொடுத்தார். அடுத்த நிமிடம் விரலில் நூலை மாட்டிப் பின்னி, மணிக்கட்டில் அவிழ்க்க முடியாத முடிச்சும் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் "இருபது யூரோ" என்றார். இன்னும் இருவர் நெருங்கி வந்து நின்றார்கள். கொடுத்துவிட்டு வந்தோம்.

பணம் போனதைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. "சாதிக் கயிறு கட்டாதீர்கள்" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற நாங்கள், யாரோ கட்டிவிட்ட கயிற்றோடு நின்றோம்.

இரவு விடுதியில் கத்திரிக்கோல் வாங்கி அதை வெட்டும்போது தோழர் சொன்னார்: "இந்தக் கறுப்பர்களே இப்படித்தான்." சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் செய்ததை ஒரு கூட்டத்தின் மேல் எழுதும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? நம்மைப் பற்றி ஊரில் பேசுவதும் இதே கணக்கில்தானே? தோழர் தலையாட்டினார். "கோபத்தில் சொல்லிவிட்டேன், தப்புதான்" என்றார்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தோம். இந்த வித்தை முழுக்க நம் தயக்கத்தின் மேல்தான் நடக்கிறது. 'வேண்டாம்' என்றால் மரியாதைக் குறைவோ, குரல் உயர்த்தினால் நம்மையே குற்றவாளியாகப் பார்ப்பார்களோ என்ற பயம் ஊரிலிருந்தே எங்களோடு வந்திருந்தது.

மறுநாள் அதே படிக்கட்டுக்குப் போனோம். கைகள் சட்டைப்பையில். "நோ, மெர்சி" என்று ஒரே ஒரு முறை சொன்னோம், நடையை நிறுத்தவில்லை. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவ்வளவுதான்.

சேன் நதிக்கரையில் ஒரு பெண் குனிந்து மோதிரம் ஒன்றை எடுத்து, "உங்களுடையதா?" என்றார். அது பித்தளை. கையில் வாங்கினால் காசு கேட்பார்கள். தலையசைத்துவிட்டு நடந்தோம்.

போகிற தோழர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மூன்று கிண்ணத்தில் பந்தை ஒளித்து விளையாடும் இடத்தில் வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள். அங்கே ஜெயிப்பவர்கள் அவர்களுடைய ஆட்களே. அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்து இயக்கம் நடத்தும் நமக்கு மறுப்பது கஷ்டம்தான். ஆனால் கையெழுத்துக்குப் பின் நன்கொடை கேட்பார்கள். அட்டை மறைக்கும் நேரத்தில் பையும் காலியாகலாம். யாராவது கையைப் பிடித்தால் சத்தமாக "நோ!" சொல்லுங்கள். காவல்துறைக்கு 17, அவசரத்துக்கு 112.

ஈஃபிள் கோபுரத்தடியில் ஆப்பிரிக்க இளைஞர்கள் துணி விரித்துச் சாவிக்கொத்து விற்கிறார்கள். காவலர் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓட, துணியின் மூலைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவர் வேறு, பிழைக்க விற்கிறவர் வேறு. இவர்கள் விலையை முதலிலேயே சொன்னார்கள். நூல் கட்டிக்கொண்ட தோழர்தான் ஐந்து சாவிக்கொத்து வாங்கினார்.