கோல்ஃப் மட்டையைத் துலக்குதல்

கோல்ஃப் மட்டையின் முகத்தில் கிடையாக ஓடும் பள்ளக் கோடுகளே துலக்கும் வேலையின் மையம். மட்டையும் பந்தும் மோதும் கணத்தில் நடுவே சிக்கும் ஈரத்தையும் புல்லையும் இந்தக் கோடுகள் உள்வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் பந்து பின்சுழற்சியோடு எழும்பி, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கோடுகளில் மண் காய்ந்து அடைத்துக்கொண்டால் சுழற்சி குறையும்; பந்து உருண்டு ஓடிவிடும். பளபளப்பு இதற்கெல்லாம் வெகு பின்னால் வரும் சங்கதி.

சென்னையில் இந்த வேலையின் நுணுக்கம் தெரிந்தவர்கள் பை சுமக்கும் கேடிகள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் நடத்திவந்த மைதானமும், நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானமும் அவர்களுடைய முக்கியமான தொழிற்களங்களாக இருந்துவந்துள்ளன. கருவிகள் மிகச் சொற்பம்: ஒரு முனை நனைத்த துண்டு, பந்தை ஏற்றிவைக்கும் மர ஆணி. அடி விழுந்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே ஆணி நுனியால் கோடுகளைக் கீறிவிட்டு, ஈர முனையால் துடைத்து, உலர்ந்த முனையால் ஒற்றி எடுத்துப் பையில் போட வேண்டும். ஆட்டம் முடியட்டும் என்று விட்டால் வெயிலில் மண் இறுகிவிடும். பிறகு வேலை இரட்டிப்பு. இதை எடுபிடி வேலையாக நினைக்கும் ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் எந்த மட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அவர்களைவிடக் கேடிக்கே நன்றாகத் தெரியும். ஆட்டத்திலும் கேடிகள் சளைத்தவர்களல்ல: பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தையே வென்றார்.

முன்பு இது இன்னும் கடினம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பு மட்டைகளுக்கு முலாம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கேடிகள் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுப்பார்கள். அப்படித் தேய்த்தே பல மட்டைகள் மெலிந்துபோயின. தண்டு ஹிக்கரி மரம். அதற்கு ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். எஃகுத் தண்டுக்கு, ஆட்ட விதிகளை வகுத்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் இசைவு தந்தது 1929இல்தான். துருப்பிடிக்காத எஃகும் குரோம் முலாமும் பரவிய பிறகு உப்புத்தாளின் தேவை குறைந்தது.

முலாம் இருந்தும் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடத்தில் மட்டையைச் சும்மா வைத்திருக்க முடியாது. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இந்தப் பேட்டையைக் கூவம் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கடலும் தொலைவில் இல்லை. இரண்டும் உலோகத்தை வெவ்வேறு விதமாகத் தாக்குகின்றன. கடற்காற்றின் உப்பு குரோம் முலாமின் நுண்துளைகள் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பை அரிக்கும்; மேலே பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கூவத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்பைவிடச் செம்பு கலந்த உலோகங்களையே கறுக்கவைக்கும். பித்தளையிலும் வெண்கலத்திலும் செய்த பழைய பட்டர்கள், அதாவது பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டைகள், பூஜையறைக் குத்துவிளக்கு கறுப்பதுபோலவே கறுக்கும்.

வீட்டில் கழுவ ஒரு வாளி வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி போதும். மட்டையின் தலை மட்டும் நீரில் மூழ்க வேண்டும். கழுத்துக்கு மேலே நீர் ஏறக் கூடாது. தலையையும் தண்டையும் இணைப்பது எபாக்சி பசை என்பதால் கொதிநீர் ஆகாது. சில நிமிடம் ஊறியதும் கோடுகளின் போக்கிலேயே தேய்த்து, நல்ல நீரில் அலசி, உடனே துடைக்க வேண்டும். மரத்தலை மட்டைகளையும் வண்ணம் பூசிய டிரைவர் மட்டைகளையும் ஊறவைக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

இதற்குப் பிறகுதான் சமையலறைச் சாமான்கள் மீது கை போகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளைக் கறுப்பைக் கரைக்கும். பீதாம்பரிப் பொடியும் பித்தளை பட்டருக்குத் தோதானது. முலாம் உரிந்த இரும்பில் புளி போட்டு, அலசாமல் விட்டால் மறுநாளே துரு. பாத்திரம் தேய்க்கும் சபீனா தூள் வண்ணப்பூச்சில் கீறல் போடும். குரோமில் துருப்புள்ளி இருந்தால் மிக மெல்லிய எஃகு நாரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு லேசாகத் தேய்த்தால் போகும். பிராஸோ மெருகுத் திரவம் எப்போதாவது போடலாம். கறுப்பு மெருகு பூசியவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

பட்டறையில் கொடுத்துப் பஃபிங் போடுவது தனிக் கதை. சுழலும் துணிச்சக்கரத்தில் மெழுகுக் கட்டி தடவி மட்டையை அழுத்தினால் கண்ணாடிபோல மின்னும். ஆனால் அதே சக்கரம் கோடுகளின் விளிம்பையும் மழுக்கிவிடும். மழுங்கியதைக் கூராக்கக் கோடுகளைக் கீறுகிறவர்கள் இன்னொரு வம்பில் மாட்டுகிறார்கள்: 2010இல் வந்த விதிகள் கோட்டின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் வரம்பு கட்டியிருக்கின்றன, அதைத் தாண்டினால் மட்டை போட்டிக்கு உதவாது. முகத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்துக்கு மட்டும் மெருகேற்றச் சொல்வதே புத்திசாலித்தனம்.

பட்டறைத் தொழிலாளிக்கு இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1980களில் பிங் போன்ற நிறுவனங்கள் பெரிலியம் கலந்த செம்பில் மட்டைகள் செய்தன. பார்ப்பதற்குப் பித்தளைபோல இருக்கும். கழுவுவதாலோ பிடித்து ஆடுவதாலோ கெடுதலில்லை. ஆனால் சக்கரத்தில் தேய்க்கும்போது பறக்கும் பெரிலியத் தூசு நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வது இதற்குக் காப்பாகாது. நிறத்தை வைத்துப் பட்டறைக்காரரால் இனம் காண முடியாது. சொல்ல வேண்டியவர் மட்டையின் சொந்தக்காரர். அத்தகைய மட்டையைப் பஃபிங்குக்குக் கொடுக்கவே கூடாது.

பலரும் மறப்பது கைப்பிடி. சென்னை வியர்வையில் ரப்பர் எண்ணெய்ப் பிசுக்கேறி வழுக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் தேய்த்து நிழலில் உலர்த்தினால் பிடிமானம் திரும்பும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுவதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆடிவிட்டு வந்தால் ஈர உறையோடு பைக்குள் அடைக்காமல் மட்டைகளை மின்விசிறிக் காற்றில் நிறுத்த வேண்டும். முலாமில்லாத மட்டைக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு கோட்டிங் போதும். தேங்காயெண்ணெய் நாளானால் சிக்குப்பிடிக்கும். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் மட்டைப் பையை நாள்கணக்கில் விட்டுவைத்தால் சூட்டில் பசை இளகித் தலை ஆட்டம் காணும்.