கழுவேலிக்குப் போகும் காலம்

கோலியனூர் கூட்டுரோட்டில் கடல் பார்க்கக் கிளம்பும் வண்டிகள் அநேகமாக எல்லாமே புதுச்சேரிச் சாலையில்தான் போகின்றன. புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் நம் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே மரக்காணம் இருக்கிறது. திண்டிவனம் வழியாகவும் போகலாம். மரக்காணத்தை ஒட்டி, தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான கழுவேலி கிடக்கிறது. 2021 டிசம்பரில் அதில் ஏறக்குறைய 5,150 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைப்பதாக அரசின் வரவு செலவுத் திட்டமும் சொன்னது. ஆக, இதுவரை ஆளரவம் குறைவாக இருந்த ஒரு கரைக்கு இனி ஆட்கள் வரப்போகிறார்கள். வரட்டும். ஆனால் எந்த மாதத்தில் வருவது, எவ்வளவு தூரம் வருவது, வரும் காசு யார் கைக்குப் போவது என்பதை ஏரியின் தண்ணீரும் உப்பளத்தின் நாள்கணக்கும் தீர்மானிக்க வேண்டும். சனி ஞாயிறும் தொடர் விடுமுறையும் தீர்மானிக்கக் கூடாது. இதுவே என் கட்சி.

கழுவேலி ஆண்டு முழுதும் ஒரே ஏரியாக இருப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வானூர், மரக்காணம் பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்து, மிச்ச நீரெல்லாம் இந்தத் தாழ்நிலத்தில் வந்து சேர்கிறது. அப்போது அது நல்ல தண்ணீர் ஏரி. கோடை ஏற ஏற நீர் வற்றுகிறது, எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே ஏறுகிறது, ஏரி உவர்க்கிறது. ஒரே நிலத்தில் நன்னீர்ப் புல்லும் உவர்நீர்ப் பூச்சியும் மாறி மாறி விளைவதால்தான் மத்திய ஆசிய வான்வழியில் வலசை வரும் உள்ளான்களுக்கும் மூக்கன்களுக்கும் வாத்துகளுக்கும் இங்கே இரை கிடைக்கிறது. பூநாரைக்கு ஆழமில்லாத உவர்நீர் வேண்டும். ஊசிவால் வாத்துக்குப் புல்லும் விதையும் வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு படகுத்துறைக்காகவோ கரையோர நடைபாதைக்காகவோ நிறுத்தி, ஆண்டு முழுதும் நீர் நிற்கும்படி செய்துவிட்டால், பார்க்க அழகான ஏரி மிஞ்சும். பறவைக்கு அங்கே வேலை இருக்காது. வெள்ளத்துக்கும் இந்தத் தாழ்நிலம் வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அப்படிப்பட்ட மழை நாளில் காலியாகக் கிடக்கும் தாழ்நிலத்தின் அருமை தெரியும். கரையைச் சுற்றி மேடு தட்டிக் கட்டடம் எழுப்பினால், நீர் நிற்க வேண்டிய இடத்தை மண் எடுத்துக்கொள்ளும். நீர் ஊருக்குள் வரும்.

இந்தக் கரைக்கென்று ஒரு காடும் உண்டு. அதைப் பலர் காடென்றே எண்ணுவதில்லை. சோழமண்டலக் கடற்கரை நெடுக ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. அத்துண்டுகளில் ஒன்று ஈசிஆரை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவிலைச் சூழ்ந்து நிற்கிறது. காயா, வீரை, பாலை, கருங்காலி என்று வளரும் இந்த மரங்கள் வானளாவுவதில்லை. கோடையிலும் இலை உதிர்க்காமல், உப்புக் காற்றைத் தாங்கிக்கொண்டு, தடித்த இலைகளோடு நெருங்கி நிற்கும். இங்கே வேலி போட்டுக் காத்த அரசாங்கம் எதுவும் இல்லை. ஐயனாரின் காட்டில் கிளை ஒடித்தால் குற்றம் என்ற அச்சம் பல தலைமுறைகளாகக் காத்தது. அச்சம் மட்டும் போதுமா என்றால், போதாது. கூட்டம் பெருகும் இடத்தில் காலடி பட்டுத் தரை இறுகும், கன்று முளைக்காது. கோவில்காடுகள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேர்ந்துகொண்டு வருகிறவர் அந்த இடத்தின் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டே உள்ளே வருகிறார். சுற்றுலாவில் இது தலைகீழாகிறது. இடம்தான் வருகிறவரின் வசதிக்கு வளைய வேண்டியிருக்கிறது.

உடனே எழும் கேள்வி நியாயமானது. மீன்பிடியையும் உப்பையும் நம்பியிருக்கிற ஏழைப் பகுதி இது; விடுதியும் கடையும் வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்காதா? மரக்காணத்து உப்பளங்களில் வெயில் இருக்கும் வரைதான் கூலி. மழை விழுந்தால் பாத்தி கரைந்துபோகும், வேலை நின்றுபோகும். ஐப்பசி முதல் மார்கழி வரை வருமானம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு, மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. பறவைகள் வரத் தொடங்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான்! இதைவிடப் பொருத்தமான நாள்கணக்கு வேறெங்கும் வாய்க்காது. எந்தப் பாத்தியோரம் எந்தப் பறவை எந்த நேரத்தில் இறங்கும் என்பது அங்கே காலமெல்லாம் உப்பு வாரியவருக்குத் தெரியும். வழிகாட்டும் வேலையும் அதற்கான கட்டணமும் அவர்களுக்கே என்று விதி செய்தால், சுற்றுலாக் காசு வேலையற்ற மாதத்தில் வீட்டுக்கு வரும். தை பிறந்து வெயில் ஏறியதும் அவர்கள் உப்பளத்துக்குத் திரும்பலாம். கரையோர சொகுசு விடுதி இதைச் செய்யாது. விடுதிக்கு வருஷம் பூராவும் ஆள் வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். கடலோர மண்ணில் ஆழ்துளைக் கிணறு போட்டு அதை உறிஞ்சினால், உவர்நீர் உள்நிலத்துக்கு ஏறும். பக்கத்து வயல்காரர் அதற்கான விலையைக் கொடுப்பார்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: பார்க்காத ஒன்றை யார் காப்பாற்றுவார்கள்? கூட்டம் வந்தால்தானே அரசுக்கும் அக்கறை வரும்? இதற்கு விடை பக்கத்திலேயே, வேடந்தாங்கலில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்க் கேட்டவர்கள் அவ்வூர்க்காரர்கள். சுற்றுலா என்ற சொல்லே அன்று ஊரில் இல்லை. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று. ஆகவே பறவை அவர்கள் விவசாயத்தின் பங்காளி. அந்தப் பங்காளி உறவு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்றது; பட்டாசுச் சத்தத்தைக்கூட விட்டுக்கொடுக்க அவர்களால் முடிந்தது. பார்வையாளர் கூட்டம் பின்னால் வந்தது, காவலுக்குத் துணையாகவும் ஆனது. காவலை உண்டாக்கியது அது இல்லை. கழுவேலியின் மேல் நீரை வைத்துப் பயிர் செய்கிறவர்களுக்கும், முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்களுக்கும் அந்த ஏரியால் பயன் இருக்கும் வரை காவலும் இருக்கும். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுப் பார்வையாளரை மட்டும் உட்கார வைத்தால், ஒரு சீசன் கூட்டம் குறைந்ததுமே காவலுக்கு ஆள் இருக்காது. சரணாலயச் சட்டத்தில் உள்ளூர் உரிமைகள் சிலவற்றைத் தொடர விட இடமிருக்கிறது. தேசியப் பூங்காவில் அது இல்லை. அந்த வகையில் கழுவேலி சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே சரி என்று நினைக்கிறேன்.

உப்பளமும் இறால் பண்ணையும் ஏற்கெனவே இயற்கையைக் கலைத்துவிட்டனவே, இனி விடுதி வந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இறால் பண்ணையின் கழிவுநீர் கெடுதல்தான். அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். உப்பளமோ ஆழமில்லாத உவர்நீரைத் தேக்குகிறது. பூநாரை அங்கே இறங்குகிறது. இரவில் அங்கே விளக்கு எரிவதில்லை, ஒலிபெருக்கி இல்லை. மனிதக் கை பட்டதாலேயே ஒரு நிலம் கெட்டுவிட்டது என்று கணக்கு வைத்தால், இந்தக் கரையில் காக்க எதுவுமே மிஞ்சாது. இது பழைய மனிதக் கரை. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்நூலின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில் தாழை, செருந்தி, முண்டகம், புன்னை நிற்கும் கடற்கரை முதலில் வருகிறது. முல்லையும் மருதமும் பிறகு வருகின்றன. ஒவ்வொரு நிலத்திலும் அந்த நிலத்து மக்கள் தங்களிடம் இருப்பதை வழிப்போக்கருக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். நெய்தலில் மீன், மருதத்தில் சோறு. இன்றும் அதே வழியில், பறவைகள் மையத்தைக் கரையில் எழுப்பாமல் மரக்காணம் ஊருக்குள் வைத்து, அங்கிருந்து ஐப்பசி முதல் மார்கழி வரை, நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, உப்பளத்துக்காரர் முன்னே நடக்கப் பின்னே நடந்து போகும்படி செய்யலாம். மதியச் சாப்பாட்டை மீனவக் குடியிருப்புப் பெண்களின் குழுக்கள் போடட்டும்.